உள்கால் இருபத்தேழரை

மதகு அறையின் சுவரில் கறுப்புச் சாயத்தில் ஒரு வரி எழுதியிருக்கும்: கண்ணில் பட்டதை எழுது, மனதில் பட்டதை எழுதாதே. ஏரித் தண்ணீருக்குள் நட்டிருக்கும் அளவுகோலின் முன்னால் குனிந்து, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய், எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறதோ அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். பிறகு தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து ஆள் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லணும். திருப்பிச் சொல்லாவிட்டால் கணக்கில் சேராது. பத்தொன்பது வருஷமாக ஒரு நாளைக்கு மூன்று வேளை இப்படிக் குனிந்து நிமிர்ந்ததில், தெருவில் அவளுக்கு அளவுக்காரி என்றே பேராகிவிட்டது.

அப்பேர்ப்பட்ட அளவுக்காரி, தன் வீட்டில் மட்டும் மூன்று வாரம் மனசில் பட்டதையே எழுதிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பேனா பிடித்து எழுதினாள். அந்தக் காகிதம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கிற எந்தக் குழந்தைக்கும் விஷயம் விளங்கும். அவளுக்கு விளங்கவில்லை. என்னத்தைச் சொல்ல!

வீட்டிலிருந்து மதகு பதினொரு கிலோமீட்டர். அதில் ஏழு தார் ரோடு. மிச்சம் நாலு, வாய்க்கால் கரை மேல் போகும் மண்தடம். கல்லும் குழியும் வேருமாகக் கிடக்கும், மழை பெய்தால் களிமண் காலைப் பிடித்துக்கொள்ளும். காலை ஆறு மணிக்கு முதல் அளவு எடுக்க வேண்டும், முதல் பஸ் கிளம்புவதே ஆறரைக்கு. ஆகவே பத்தொன்பது வருஷமும் புருஷன்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அவர் தையல்காரர். அவள் அளவெடுத்து, போன் போட்டு, அந்தப் பக்கம் திருப்பிச் சொல்கிற வரைக்கும் வாசலில் நிற்பார். பிறகு வந்து கடையைத் திறப்பார்.

அவளும் ஒரு தடவை ஸ்கூட்டர் பழகிப் பார்த்தாள். பழகிய அன்றே வண்டியோடு வாய்க்காலில் இறங்கினாள். அவர் ஓடிவந்து தூக்கிவிட்டு, "எவ்வளவு தண்ணி இருக்குன்னு அளந்துட்டியா?" என்று கேட்டார். அன்றைக்கு விட்டதுதான், மறுபடி தொடவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் சைக்கிள் மட்டும் நன்றாக ஓட்டுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

போன வருஷக் கடைசியில் அவர் வயிற்றில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பிறகு நாலு மாதம் மருந்து ஏற்றினார்கள். ஆள் பாதியாகிப்போனார். மேலதிகாரி மனசு இரங்கி, காலை அளவைக் காவல்காரர் பார்த்துக்கொள்ளட்டும், நீ பத்து மணிக்கு வந்தால் போதும் என்று தவணை கொடுத்தார். அவள் பஸ்ஸில் வந்து நாலு கிலோமீட்டர் நடந்தாள். தவணை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

கடைசிப் பரிசோதனையின் முடிவை வாங்க வேண்டிய நாளில் மதகைத் திறந்துவிட்டார்கள். மணிக்கு ஒரு தடவை அளவெடுக்க வேண்டிய நாள். அவர் தனியாகத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் ஒவ்வொரு தடவை குனியும்போதும் ஒரு கண் அளவுகோலில், ஒரு கண் போனில். போன் வரவேயில்லை.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால் நிறுத்தத்தில் அவர் நிற்கிறார். சவரம் செய்து, கஞ்சி போட்ட சட்டை போட்டுக்கொண்டு.

"என்னங்க சொன்னாங்க? வாயைத் தொறந்து சொல்லுங்களேன்!"

"பயப்படாதே. எல்லாம் சரியாத்தான் இருக்காம். ஒடம்பை அசைக்கச் சொன்னாங்க. ஒரு சைக்கிள் வாங்கலாம்னு இருக்கேன்."

அவள் பஸ் நிறுத்தம் என்றும் பாராமல் அழுதுவிட்டாள். அவர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார், அவளும் அந்தச் சோற்றை அள்ளிச் சாப்பிட்டாள். 'ரிப்போர்ட்டைக் காட்டுங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டாளா? கேட்கவில்லை. அளவு தப்பக் கூடாது என்று ஊருக்கே சொல்பவள், நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டு நல்ல எண்ணாக எழுதிக்கொண்டாள்.

மறுநாளே காகிதமும் பேனாவுமாக உட்கார வைத்தார். "உன் கையெழுத்துதான் முத்து முத்தா இருக்கும். நான் சொல்றேன், நீ எழுது. தார் ரோட்லயும் ஓடணும், மண்தடத்துலயும் ஓடணும்."

"மண்தடம் எதுக்கு உங்களுக்கு?"

"மத்தியானம் கடையைச் சாத்திட்டு மதகுக்கு வருவேன். உன்கூட உக்காந்து சாப்பிட்டுட்டுத் திரும்புவேன். ஏன், வரக்கூடாதா?"

அவளுக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு ஒரு வண்டி கேக்குறீங்க. கெடைக்குமா?"

"தேடுனா கெடைக்கும். எழுது. குறுக்குப் பார் கூடாது."

"லேடீஸ் சைக்கிளா?" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"வயித்தைக் கிழிச்சுத் தச்சிருக்காங்க, காலைத் தூக்கிப் பின்னாடி போட முடியுமா? எழுதுடி. எடை கம்மியா இருக்கணும், வேர் குறுக்க வந்தா ஒத்தைக் கையால தூக்கிக் கடக்கற மாதிரி. மேட்டுல மிதிக்க லேசான கியர். பிரேக் ஈரத்துலயும் பிடிக்கணும். அப்புறம், உள்கால் இருபத்தேழரை."

உள்கால் என்றால் கவட்டையிலிருந்து தரை வரை, அங்குலக் கணக்கில். சைக்கிளின் உயரத்தை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். அவள் இருபத்தேழரை என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடும் போட்டாள். அவருக்குச் சுருங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம், எப்படி இளைத்துவிட்டார் என்று நினைத்தாள்.

அடிப் பாவி! ஆள் இளைத்தால் இடுப்பு இளைக்கும், கன்னம் ஒட்டும். கால் எலும்பா குட்டையாகும்? அவர் ஆறடிக்கு ரெண்டு அங்குலம் குறைவு. அவர் உள்கால் முப்பத்திரண்டு. பத்தொன்பது வருஷமாக அவர் தனக்கே தைத்துப் போட்ட பேன்ட்டுகளைத் துவைத்துக் காயப்போட்டவள் அவள்தான். இருபத்தேழரை யாருடைய அளவு என்று வீட்டுக் கண்ணாடியைக் கேட்டிருந்தால்கூடச் சொல்லியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடை கடையாக ஏறினார்கள். மூன்றாவது கடை பெரியது. கடைக்காரருக்கு அதைவிடப் பெரிய தொப்பை. தினம் காரில் வந்து கடை திறப்பவர்.

"அண்ணே, இது ரோடு சைக்கிள். டயர் ஒல்லி, தார்ல பறக்கும், மண்ணுல இறக்குனா ஒக்காந்துடும். இது மலைச் சைக்கிள். எங்க வேணா ஏறும், ஆனா தார் ரோட்ல ஏழு கிலோமீட்டர் மிதிச்சீங்கன்னா நாக்கு தள்ளிடும். உங்களுக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு." ஒரு நீல வண்டியை உருட்டிவந்தார். "டயரைப் பாருங்க. நடுவுல வழவழன்னு இருக்கு, தார் ரோட்டுக்கு. ஓரத்துல முள்ளு முள்ளா இருக்கு, மண்ணுக்கு. ரோட்டுக்கும் ஆகும், காட்டுக்கும் ஆகும்."

"எல்லாத்துக்கும் ஆகும்னு சொல்றது எதுக்கும் ஆகாதும்பாங்களே," என்றாள் அவள். "நீங்க ஓட்டிப் பாத்திருக்கீங்களா?"

"நானா? நல்லாக் கேட்டீங்கக்கா! சவப்பெட்டி விக்கிறவன் அதுல படுத்துப் பாத்தா விக்கிறான்?"

அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். புருஷனும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. கடைக்காரர் அவரைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். இவருக்குக் கண்ணில் ஏதோ கோளாறு போல என்று அவள் நினைத்தாள். புருஷன் வாரநாளில் தனியாக ரெண்டு தடவை அந்தக் கடைக்கு வந்திருந்ததும், வண்டி யாருக்கு என்று சொல்லி, 'வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம், கடைசி நாள்ல தெரிஞ்சா போதும்' என்று கேட்டுக்கொண்டதும் அவளுக்கு எப்படித் தெரியும்? கடைக்காரரும் அதைப் பரிசு என்றுதான் நினைத்தார். அவர்மேல் தப்பில்லை.

அந்த வாரம் மதகு அறையில் இன்னொரு நாற்காலி முளைத்தது. பழைய சாமான் அறையில் கால் ஆடிக்கொண்டு கிடந்ததை அவள் இழுத்துவந்து, ஆணி அடித்து, சோப்புப் போட்டுக் கழுவினாள். "யாருக்கும்மா?" என்று காவல்காரர் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரர் மத்தியானம் வருவார். சைக்கிள்ல!" என்றாள். அன்று வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் காலண்டரில் மாதக் கடைசித் தேதியைப் பார்த்தாள். வண்டி வந்து பத்து நாள் மிதித்தால் தெம்பு வந்துவிடும், பழையபடி ஸ்கூட்டர், பழையபடி ஆறு மணி, வாசலில் அவர். கணக்கு அழகாக விழுந்தது. மனசில் போடுகிற கணக்கு என்றைக்குத் தப்பாக விழுந்திருக்கிறது?

அவர் கடையில் புதிதாக யாரிடமும் தைக்கத் துணி வாங்கவில்லை. இருந்த வேலைகளை முடித்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். கேட்டதற்கு, ஓய்வு வேணும்ல என்றார். சரிதானே என்று அவளும் விட்டாள். அவளுக்கு மட்டும் ரெண்டு சீருடைப் பேன்ட் தைத்தார். அதில் வலது காலின் கணுக்கால் பக்கம் மட்டும் ஒரு சின்னப் பட்டையும் பட்டனும் வைத்திருந்தார்.

"இதென்ன, ஒரு காலுக்கு மட்டும் பட்டன்? துணி பத்தலையா, புத்தி பத்தலையா?"

"புது மாடல். போட்டுக்கோ."

"ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பட்டனைப் போட்டா பேன்ட் கால் தளதளன்னு தொங்காது, அவ்வளவுதான்."

சைக்கிளின் சங்கிலி வலது பக்கம்தான் ஓடும். தொங்குகிற பேன்ட் கால் அதில் மாட்டும். இது பத்து வயதில் சைக்கிள் பழகிய யாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் பட்டனைப் போடாமலே அந்தப் பேன்ட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

வண்டி தயார் என்று சனிக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். அன்று அவளுக்குப் பாதி நாள். சீருடையோடே நேராகக் கடைக்கு வந்தாள். அவர் முன்பே வந்து, வாசல் பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நீல வண்டிக்கு மட்கார்டு போட்டு, பின்னால் கேரியர் போட்டு, முன்னால் விளக்கு வைத்து நிறுத்தியிருந்தார்கள். அவள் ஹேண்டிலைத் தடவிப் பார்த்தாள், மணியை அடித்துப் பார்த்தாள். கணீரென்று இருந்தது.

"ஏறுங்க, பாக்கலாம்," என்றாள் அவரிடம்.

கடைக்காரர் கடகடவென்று சிரித்தார். "அண்ணே, இன்னும் சொல்லலையா? இனிமே என்னால அடக்க முடியாது! அக்கா, நீங்க ஏறுங்க. உங்க வண்டிதான் இது! அண்ணன் கொடுத்த உங்க அளவுக்குத்தான் சீட்டே வெச்சிருக்கோம். மூணு வாரமா எங்க ரெண்டு பேருக்கும் இதான் வேலை. எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை புடிச்சிருக்கீங்க!"

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். பரிசு, என்று ஒரு நொடி நினைத்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் அவளுடைய வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போடாத பட்டனை.

குறுக்குப் பார் கூடாது. எடை கம்மி. மேட்டுக்கு லேசான கியர். ஈரத்தில் பிடிக்கிற பிரேக். உள்கால் இருபத்தேழரை. தன் முத்து முத்தான கையெழுத்து முழுவதும் அவள் கண் முன்னால் ஓடியது.

"ரிப்போர்ட் எங்க?" என்றாள்.

"கடையில, தையல் மெஷின் டிராயர்ல இருக்கு."

"என்ன போட்டிருக்கு?"

"மறுபடி வந்திருக்காம். ஈரலுக்குப் போயிடுச்சாம். இனிமே அறுக்கவும் முடியாதாம், மருந்தும் கேக்காதாம்."

கடைக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த துணியால், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு உள்ளே நகர்ந்தார்.

"எவ்வளவு நாளாம்?"

"மழைக்காலத்தைத் தாண்டறது கஷ்டம்னாங்க."

"மழைக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு."

"இருக்கு. அதுக்குள்ள நீ பழகிடுவே. மழையில மண்தடத்துல ஓட்டறது லேசு இல்ல. அதான் இப்பவே வாங்கினேன்."

அவள் கத்தினாள். ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "பாவி மனுஷா! மூணு வாரமா என்னைச் சிரிக்க வெச்சு வேடிக்கை பாத்தீங்களா? நான் நாற்காலியெல்லாம் கழுவி வெச்சேனே! ஊரெல்லாம் சொன்னேனே! எனக்கு எதுக்கு இந்த எழவு சைக்கிள்? நான் வேலைக்கே போகல, போங்க!"

"போகாம? வீட்ல உக்காந்து என் தையல் மெஷினைப் பாத்துட்டு இருப்பியா?" அவர் குரல் ஏறவே இல்லை. "எனக்கு வேற எதைப் பத்தியும் பயமில்ல. காலைல அஞ்சு மணிக்கு எழுந்து, ரெடியாகி, வாசல்ல வந்து நிப்பே. ஸ்கூட்டரை எடுக்க ஆள் இருக்காது. அதை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல."

அவள் விறுவிறுவென்று வண்டியிடம் போனாள். சீட்டுக்குக் கீழே இருந்த பிடியைத் தளர்த்தினாள். சீட்டைத் தாங்கும் தண்டில், அவளுடைய அளவுகோலில் இருப்பது போலவே, கோடு கோடாக எண்கள் போட்டிருந்தன. அஞ்சில் இருந்தது. ஒரே இழுப்பில் பத்துக்குத் தூக்கிப் பிடியை இறுக்கினாள்.

"இது உங்க அளவு. ஏறுங்க."

"வேண்டாம்மா."

"ஏறுங்கன்னு சொல்றேன்ல! டாக்டர் ஆயிரம் சொல்லுவான். ஏறி மிதிங்க, நான் பாக்கணும். இந்தத் தெருமுனை வரைக்கும் போயிட்டு வாங்க, போதும்."

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார். எழுவதற்கே சுவரைப் பிடித்தார். இதை அவள் எத்தனை நாளாகப் பார்க்கவில்லை? ஹேண்டிலை ரெண்டு கையாலும் பிடித்தார். தாழ்வான சட்டத்தைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். பெடலில் கால் பட்டது. மேலே எழும்ப ஒரு தடவை முயன்றார், இன்னொரு தடவை முயன்றார். வியர்வை சட்டை முதுகில் பெரிதாகப் படர்ந்தது. மூன்றாவது தடவை வண்டி சாய, அவள் ஒரு கையால் வண்டியையும் ஒரு கையால் அவரையும் பிடித்தாள். அந்தக் கைகளுக்கு வண்டியின் எடையும் அவர் எடையும் ஒன்றாகத்தான் இருந்தன.

அவரை மறுபடி முக்காலியில் உட்கார வைத்தாள். கடைக்காரர் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். அவர் ரெண்டு மிடறு குடித்தார், மூன்றாவது மிடறு சட்டையில் வழிந்தது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சாண் எவ்வளவு, முழம் எவ்வளவு என்று பார்த்து எழுதுவதற்கென்றே சிலர் அங்கே குனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. அவளுடைய பிழைப்பே அதுதான்.

வெகுநேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதகு வாசலில் நிற்பாரே, அவள் போன் பேசி முடிக்கிற வரைக்கும், அப்படி அவர் காத்துக்கொண்டிருந்தார்.

அவள் பிடியைத் தளர்த்தினாள். சீட்டை அழுத்தினாள். பத்து, ஒன்பது, எட்டு என்று தண்டு உள்ளே இறங்கியது. நின்றபடி பார்க்கவில்லை. முட்டி போட்டு, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிடியை இறுக்கினாள்.

"அஞ்சு," என்றாள். குரல் உடைந்துவிட்டது. இன்னொரு தடவை சொன்னாள். "அஞ்சு."

அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அஞ்சு," என்று திருப்பிச் சொன்னார்.

அவள் முட்டி போட்ட இடத்திலிருந்து எழுவதற்கு முன், வலது கால் பட்டனைப் போட்டுக்கொண்டாள்.